ஜெசிந்தாவைப் புகழுமுன் ஃபேனை நிறுத்தவும்

ஜெசிந்தா முதன்முதலாகத் தரையைவிட்டு உயர்ந்தது ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பதினொன்றேகால் மணிக்கு, அப்பாவின் மூத்திரப் பையைக் காலிசெய்துவிட்டு இன்னும் கைகூடக் கழுவாமல் நின்றுகொண்டிருந்தபோது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிற்பாடு தூத்துக்குடியில் அவர்கள் தெரு முழுக்க, அவள் அப்போது ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள் என்றும், அறையெல்லாம் ரோஜாப்பூ வாசம் அடித்தது என்றும் பேசிக்கொண்டார்கள். பினாயில் வாசம்தான் அடித்தது.

அவளை உயர்த்தியது தெக்லா பெரியம்மா. பக்கத்துப் பக்கத்து முப்பது கத்தோலிக்க வீடுகள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்கிற அன்பியத்துக்கு அவர்தான் தலைவி. யார் வீட்டில் யார் படுத்தாலும் முதல் ஆளாக வந்துவிடுவார். அன்றும் வந்தார், அப்பா கஸ்பாரின் கட்டிலருகே கால்மணி நேரம் உட்கார்ந்தார், எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டே, "நீ மனுஷியே இல்ல பிள்ள, தெய்வம். ஒங்கப்பாவுக்கு ஆண்டவர் வானத்துலருந்து அனுப்புன சம்மனசு நீ" என்றார். ஜெசிந்தாவின் செருப்பு ஒரு தீப்பெட்டி உயரத்துக்கு மேலே வந்தது.

"பாத்து பிள்ள, மேல ஃபேன் ஓடுது" என்று சொல்லிவிட்டு, தான் கொண்டுவந்த மக்ரூன் பெட்டியிலிருந்து தானே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பெரியம்மா கிளம்பிப் போனார்.

கஸ்பார் மச்சாடோ துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது உடம்பின் இடப்பக்கம் முழுவதும் அவரைவிட்டுப் போய்விட்டது. வலப்பக்கமும் வாயும் மட்டும் மிச்சம், அதிலும் வாய் முன்னைவிடக் கூர்மையாக. மனைவி அதற்கு முன்பே இறந்திருந்தாள். கனடாவிலிருந்து மகன் அன்றோ கூப்பிட்டு, "மூணே மாசம், நான் ஒரு ஏற்பாடு பண்ணிருதேன், அதுவரைக்கும் ஜெசி பாத்துக்கிடட்டும்" என்றான். அந்த மூன்று மாதம் இப்போது இரண்டரை வருஷமாக நடந்துகொண்டிருந்தது. திருநெல்வேலியில் பல்கலைக்கழக விடுதியிலிருந்து ஒரு பையோடு வந்த ஜெசிந்தா, மிச்ச ஆய்வேட்டை அப்பாவின் கட்டில் விளிம்பில் வைத்தே எழுதி முடித்து அனுப்பியிருந்தாள். அக்டோபர் மூன்றாம் வியாழக்கிழமை அவளுக்கு வாய்மொழித் தேர்வு. ஏற்கெனவே இரண்டுமுறை தள்ளிவைத்தாயிற்று. இதைவிட்டால் பதிவே ரத்து என்று கடிதம் வந்திருந்தது. ஆறு வருஷப் படிப்புக்கு ஒரே ஒரு பகல் தேவை, அந்த ஒரு பகல் அப்பாவை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

அவளுடைய ஆய்வு எதைப் பற்றி என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் கூலியில்லா உழைப்பைப் பற்றியது அது. மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு, 'தெய்வமாக்கல்: சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்கும் ஒரு முறை'. நாற்பத்திரண்டு அடிக்குறிப்புகள்.

இனி அந்த ஊரில் நோய் விசாரிக்கும் முறை. வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டில் வைத்திருந்த முகத்தையும் கழற்றி, கையோடு கொண்டுவந்த வேறொன்றை மாட்டிக்கொள்வார்கள். கஸ்பாருக்குச் சர்க்கரை முந்நூறு என்பது தெருநாய்க்குக்கூடத் தெரியும், இருந்தாலும் முந்திரியும் சீனியும் முட்டைவெள்ளையும் சேர்ந்த மக்ரூன்தான் வரும். கட்டிலின் காலடியில் நின்று, படுத்திருப்பவருக்குக் காதும் போய்விட்டதுபோல, "ஆளு அரையாளா ஆயிட்டாவளே" என்பார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டு, பதில் பாதியில் இருக்கும்போதே தங்கள் சம்பந்தி வீட்டில் இதைவிட மோசமாகக் கிடந்த ஒருவரின் கதையை ஆரம்பிப்பார்கள். அவர் செத்ததோடு கதை முடியும். பிறகு எழுந்து, சேலையையோ வேட்டியையோ சரிசெய்துகொண்டு, ஜெசிந்தாவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கடைசி வரியைச் சொல்வார்கள்: நீ இருக்கப்போய் அவர் இருக்கார், ஒன்ன மாதிரி ஒரு பிள்ளை எந்த வீட்டுல உண்டு, ஒனக்குக் கோயில் கட்டணும். அந்த வரிக்குப் பிறகு யாரும் நிற்பதில்லை. அதைச் சொன்னதும் அவர்கள் மனசு லேசாகிவிடும், ஜெசிந்தாவின் உடம்பு லேசாகிவிடும், அவர்கள் வாசல் வழியாகப் போக அவள் மேலே போவாள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு சாண். மாதா பிறந்தநாளுக்கு ஊரிலிருந்து சொந்தமெல்லாம் வந்துபோனபின் ஒன்றரை அடி.

தெரு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதாவது உபயோகமாக எடுத்துக்கொண்டது. தெருமுனையில் மாதா சிலை இருக்கும் கெபிக்குத் தோரணம் கட்ட ஏணி கேட்டு அலையாமல் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்கள். எதிர்வீட்டில் டியூப்லைட் மாற்றினாள். மூன்றாம் வீட்டு மாமி தன் பரணில் எட்டு வருஷமாகக் கிடந்த இட்லிக் கொப்பரையை இறக்கித் தரச் சொல்லி, அது கைக்கு வந்ததும், "ஒன் மனசு யாருக்கு வரும்" என்று சொல்ல, அங்கேயே இன்னும் இரண்டு விரக்கடை ஏறி, கதவு நிலையில் தலை இடித்துக்கொண்டு திரும்பினாள். கோயில் பங்குச்சாமி ஒரு தையல் டேப்போடு வந்து அளந்து பார்த்தார். "ரெண்டடிக்கெல்லாம் ஆயரகத்துல பிஷப்பு அசையமாட்டாரும்மா, மூணு தாண்டட்டும், எழுதிப் போடுவோம்" என்றார். அதுவரைக்கும் பாவாடை வேண்டாம், சுடிதாரே போடு என்று புத்தியும் சொன்னார். கஸ்பார்தான் காரியமாக ஒன்று செய்தார். காலி மக்ரூன் பெட்டி ஒன்றைக் கிழித்து, நல்ல கையால், 'ஜெசிந்தாவைப் புகழுமுன் ஃபேனை நிறுத்தவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, சுவிட்சுக்கு மேலே ஒட்டவைத்தார். அதன்பின் வருகிறவர்கள் ஃபேனை நிறுத்திவிட்டுப் புகழ்ந்தார்கள். போகும்போது போட்டுவிட்டுப் போக மட்டும் மறந்துவிடுவார்கள், கஸ்பார் வேர்வையில் கிடந்து கத்துவார்.

"எத்தனையாயிரம் டன் தூக்கியிருக்கேன், ஒரு நாளாவது சரக்க அந்தரத்துல விட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பனா? இவன்வ தூக்கிவிட்டுட்டுப் போயிக்கிட்டே இருக்கான்வ."

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: மூன்றாம் அத்தியாயம் எழுதியவள் அல்லவா, புகழ்ச்சி எப்படி வேலை செய்கிறது என்று பக்கம் பக்கமாக வாதாடியவள் அல்லவா, விடுதியில் தோசை தீய்ந்துபோனதற்குக்கூட வார்டனிடம் அரைமணி நேரம் தர்க்கம் பண்ணியவள் அல்லவா, 'என்னைத் தெய்வம் என்று சொல்லாதீர்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் வெட்கக்கேடு. மூன்று நாள் சேர்ந்தாற்போல யாரும் வராவிட்டால் ஜன்னலில் போய் நின்று தெருவைப் பார்த்தாள். யாரோ வரும் சத்தம் கேட்டால் தேய்த்த சுடிதாரைக் கழற்றிவிட்டுக் கஞ்சி சிந்திய சுடிதாரை மாட்டிக்கொண்டாள். தெக்லா பெரியம்மா ஒருநாள் பேச்சுவாக்கில், இரண்டு தெரு தள்ளியிருக்கும் டெல்பின் தன் மாமியாரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொன்னபோது, ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. மாமியார் நடமாடுகிறவராக இருக்கும், படுத்த படுக்கையாக இருக்க முடியாது என்று தனக்குள் ஆதாரமில்லாமல் ஒரு கருதுகோள் வைத்தாள்.

ஆனால் காலுக்குத் தரை இல்லாதவளால் ஓர் ஆளைப் புரட்டிப் படுக்கவைக்க முடியாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவள் கட்டிலருகே கண்டுபிடித்தது. அப்பாவின் லுங்கிச் சாரம் ஒன்றை இடுப்பில் கட்டி மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்துகொண்டு, பட்டம்போல மிதந்தபடி, அவர் தோளைப் பிடித்து இழுப்பாள். அவர் அசையமாட்டார், இவள்தான் அவரை நோக்கிச் சாய்ந்து போவாள். கஞ்சி மேலிருந்து ஊற்றினால் கண்ணில் விழுந்தது. அக்டோபர் இரண்டாம் வாரம் கஸ்பாரின் இடுப்பெலும்பின் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்தது. படுக்கைப்புண் அப்படித்தான் ஆரம்பிக்கும். ஆள் அமர்த்திப் பார்த்தாள். வந்த அம்மாள் வாசலில் நின்று இவளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எனக்கு வீட்டு வேலைதாம்மா தெரியும், கோயில் வேலை தெரியாது" என்று திரும்பிப் போய்விட்டாள்.

தெக்லா பெரியம்மாவிடம் சுற்றிவளைத்துச் சொன்னாள். "பெரியம்மா, வர்ற வியாழக்கிழமை எனக்குத் திருநெல்வேலியில ஒரு வேலை இருக்கு..."

"போயிட்டு வா பிள்ள, ஒனக்கென்ன, பஸ்ஸே வேண்டாம்."

"இல்ல, அப்பாவை அன்னைக்கு ஒரு நாள் யாராவது..."

"ஐயோ, அதெப்படி? நாங்க தொட்டா ஏதாவது ஆயிராதா? ஒன் கைதான் கை. அந்தக் கை எங்களுக்கெல்லாம் வாய்க்காது." அரை அடி.

அன்றோவுக்கும் எழுதினாள். அவன் குரல்பதிவு அனுப்பினான்: "ஜெசி, இங்க லீவு கேட்டுப் பாத்தேன், கிடைக்கல. ஆனா ஒன்னப் பத்தி ஆபீஸ்ல எல்லார்ட்டயும் சொன்னேன், எல்லாருக்கும் கண்ணு கலங்கிட்டு. நீ அங்க இருக்கிறதாலதான் நான் இங்க நிம்மதியா தூங்குதேன். நீ எங்க குலதெய்வம்." அவன் மனைவி கீழே பன்னிரண்டு ஜோடி கூப்பிய கை எமோஜிகளைப் போட்டிருந்தாள். ஜெசிந்தா நேராகப் போய் உத்தரத்தில் இடித்து, அங்கேயே ஒட்டிக்கொண்டு, ஃபேன் இறக்கைகளின் மேல்பக்கத்து அழுக்கைப் பார்த்தபடி கிடந்தாள். திங்கட்கிழமை அது.

"ஏட்டி" என்றார் கஸ்பார் கீழேயிருந்து. "சண்டைன்னா கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போவ. பீத்துணி மாத்த ஒரு ஆளு வேணும்னு கேக்க ஒனக்கு வாய் வரல, என்ன?"

"கேட்டா என்ன நினைப்பாங்கப்பா?"

"என்ன நினைப்பாங்க? இப்ப நினைக்கிறத நினைக்கமாட்டாங்க."

அதுதான் அவளுக்கும் பயம்.

செவ்வாய் சாயந்தரம் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டிலேயே நடந்தது, அப்பாவின் வேலைக்கு மட்டும் கட்டிலில் கட்டிய சாரத்தைப் பிடித்து இறங்கி மறுபடி கூரையில் ஒட்டிக்கொள்பவள் வேறு வீட்டுக்கு வர முடியாது என்பதால். பத்துப் பன்னிரண்டு பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பாட்டு, வாசகம், பிறகு மன்றாட்டு. மன்றாட்டில் ஒருவர் ஒரு வேண்டுதலைச் சொல்ல, மற்ற எல்லாரும் சேர்ந்து, 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று சொல்ல வேண்டும். வேண்டுதல் எதுவானாலும் சொல்லியே ஆகவேண்டும், அதுதான் முறை. ஒருத்தி மகனின் விசாவுக்காக மன்றாடினாள், கேட்டருளும் என்றார்கள். ஒருத்தி போர்வெல் தண்ணீரில் உப்புக் குறைய மன்றாடினாள், கேட்டருளும். ஒருத்தி உலக சமாதானத்துக்காக. கேட்டருளும்.

மேலிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது.

"வர்ற வியாழக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து சாயந்தரம் ஆறு மணிவரைக்கும், இங்கே நிற்கிறவர்களில் ஒருவர் வந்து, எங்கப்பாவுக்கு டயபர் மாத்தி, பையைக் காலிபண்ணி, கஞ்சி கொடுத்து, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறேன்."

உப்புத்தண்ணீருக்குக் கிடைத்த 'கேட்டருளும்' இதற்குக் கிடைக்கவில்லை.

தெக்லா பெரியம்மாதான் தொண்டையைச் செருமினார். "மன்றாட்டுன்னா பொதுவா சொல்லணும் பிள்ள. 'நோயாளிகளுக்காக'ன்னு சொல்லணும். ஆளு, நாளு, மணியெல்லாம் போட்டுச் சொல்லக்கூடாது."

"பொதுவா சொல்லி ரெண்டரை வருஷம் ஆச்சு பெரியம்மா. பொதுவா சொன்னா ஆண்டவர் வந்து டயபர் மாத்துவாரா? இல்ல, அவர் திருநெல்வேலி பஸ் ஏறிப் போய் எனக்குப் பதிலா வைவா குடுப்பாரா?"

"படிச்ச திமிரு" என்றாள் விசாக்காரி. ஜெசிந்தா அரை அடி இறங்கினாள்.

"பெத்த அப்பன். தொட்டுத் தூக்க அசிங்கமா இருக்காம்." இன்னும் ஒரு சாண்.

"இதுக்குத்தான் இத்தனை நாளு அந்தரத்துல தொங்குனாளாக்கும்!" ஒரு முழம்.

இறங்க இறங்க அவளுக்கு உடம்பெல்லாம் கனத்தது, நாக்கைத் தவிர. "ஆமா, அசிங்கமாத்தான் இருக்கு" என்றாள். "எல்லா நாளும் இல்ல, சில நாள். சில நாள் கோவமா இருக்கு. சில நாள் இவர் சீக்கிரம் போயிட்டா நல்லாருக்கும்னுகூட நினைச்சிருக்கேன்." சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழுந்து, அப்பாவைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நானுந்தான்" என்றார் கஸ்பார்.

மிச்சமிருந்த மூன்றடியும் ஒரே விழுகையாக விழுந்தாள். கட்டிலுக்கும் பெண்களுக்கும் நடுவே, பொத்தென்று, பிருஷ்டம் சிமெண்டில் படும்படி, எந்தப் புனிதையும் விழுந்திராத விதத்தில். வலியில் குனிந்து தரையோடு தரையாகக் கண்ணைத் திறந்தபோதுதான், வரிசையாகச் சேலைக் கரைகள் தெரிந்தன. கரைகளுக்குக் கீழே குதிகால்கள். சில குதிகால்களுக்குக் கீழே வெளிச்சம். ஒருத்திக்கு ஒரு விரல், ஒருத்திக்கு ஒன்றரை, கடைசியில், கதவோரமாக, சேலையைக் கூடுதலாக இறக்கிக் கட்டியிருந்த இரண்டு கால்கள், முழுசாக நாலு விரக்கடை.

கூட்டம் ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டு கலைந்தது. மக்ரூனை யாரும் தொடவில்லை. அந்த இரண்டு கால்கள் மட்டும் போகவில்லை.

"ஒம்பது வருஷமாச்சு" என்றாள் டெல்பின் அக்கா, ஜெசிந்தாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கியபடி. "எங்க அத்தைக்கு ரெண்டு காலும் வராது, புத்தியும் ஒருநேரம் இருக்கும் ஒருநேரம் இருக்காது. நாலு விரக்கடைக்கு மேல நான் ஏறல, அதுக்குள்ளன்னா கால்விரல் நுனிய ஊனிக்கிட்டு ஆளப் புரட்டிரலாம். யாராவது நல்ல வார்த்தை சொல்ல வாயெடுத்தா, அடுப்புல பால் பொங்குதுன்னுட்டு உள்ள போயிருவேன். பால் பொங்கிப் பொங்கியே ஒம்பது வருஷம் ஓடிட்டு."

"படுத்த படுக்கையாவா இருக்காங்க?" என்று கேட்டாள் ஜெசிந்தா, தன் கருதுகோளை நினைத்துக்கொண்டு.

"பின்ன? வியாழக்கிழமை அத்தையையும் ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு வாரேன். ரெண்டையும் ஒரு ரூம்ல போட்டா எனக்கு ரெண்டு அலைச்சல் இல்ல, ஒண்ணுதான்."

அப்படியாக வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மிக்கேலம்மாள் என்ற அந்த மாமியார் தன்னைத் தூக்கிவந்த இரண்டு ஆட்டோக்காரர்களைக் கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார், ஜெசிந்தா மற்ற எல்லாரையும்போலப் பஸ்ஸில், நெரிசலில் காலை மிதிபட்டுக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனாள். யாரோ மிதித்தபோது, தன் கால் மிதிபடுகிற உயரத்தில் இருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "ஆய்வுக்குப் போகுமுன் ஒன்று சொல்ல வேண்டும், நோயுற்ற தந்தையைக் கண்ணின் மணிபோல் காத்துக்கொண்டே இந்தப் பெண்..." என்று ஆரம்பித்தார். நாற்காலியின் முன்கால் இரண்டும் தரையைவிட்டுக் கிளம்பின. ஜெசிந்தா மேஜைக்காலில் தன் காலைக் கோத்துக்கொண்டாள்.

"ஐயா, மன்னிக்கணும், அது ஆய்வேட்டில் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் தரவு கொஞ்சம் பலவீனம். அதைக் கேளுங்க."

கேட்டார். ஒன்றரை மணி நேரம் கேட்டார். நாற்பத்திரண்டு அடிக்குறிப்பில் பதினொன்றைத் தூக்கி வெளியே போடச் சொன்னார். நாற்காலி நாலு காலிலும் கனமாக உட்கார்ந்திருந்தது. திருத்தங்களோடு பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று சொன்னபோது அவள் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. அதையும் கீழே குனிந்து பார்த்து உறுதிசெய்துகொண்டாள்.

சாயந்தரம் வீட்டுக்குள் நுழையும்போதே சத்தம். பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் கிடந்து கஸ்பாரும் மிக்கேலம்மாளும் ஒருவரையொருவர் வைதுகொண்டிருந்தார்கள். துறைமுகத்து வசவு ஒரு பக்கம், மீன் ஏலத்து வசவு ஒரு பக்கம். அப்பாவின் முகம் குளித்ததுபோல் தெளிவாக இருந்தது.

"பாஸாயிட்டேன்ப்பா."

"நல்லது. ஏட்டி, டெல்பின் புரட்டுனா எலும்பே தெரியல. நீ புரட்டுனா சிமெண்டு மூட்டை புரட்டுன மாதிரி இருக்கும். அவகிட்ட கேட்டுக் கத்துக்கோ."

இரண்டரை வருஷம்! அப்பா என் கைக்குத்தான் பழகியவர் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்த இரண்டரை வருஷம்! டாக்டர் ஜெசிந்தாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது, அது அவமானமா ஆசுவாசமா என்று அவளாலேயே வகைப்படுத்த முடியவில்லை. டெல்பின் அக்கா கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி, கதவோரமாக வந்து நின்றாள்.

"பிள்ள, நானும் ஒண்ணு கேக்கணும். வர்ற ஞாயித்துக்கிழமை எங்க அக்கா மவளுக்குக் கோயில்ல புதுநன்மை குடுக்காவ, வீரபாண்டியன்பட்டினத்துல. ஒம்பது வருஷமா ஒரு விசேஷத்துக்கும் நான் போனதில்ல. எங்க அத்தைய அன்னைக்கு ஒரு நாள் நீ வச்சுக்கிடுதியா?"

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். மிக்கேலம்மாள் அவளைப் பார்த்து, அவள் பிறப்பைப் பற்றி ஒரு சந்தேகத்தைத் தெரிவித்துவிட்டுக் கிண்ணத்தில் துப்பினார். ஞாயிற்றுக்கிழமை. பதினொரு அடிக்குறிப்பு எடுக்க வேண்டும். ஒரு நாளாவது தூங்க வேண்டும். அவள் வாய் தானாகத் திறந்தது.

"அக்கா, ஒம்பது வருஷமா! நினைச்சாலே சிலிர்க்குது. உங்க பொறுமை யாருக்கு வரும்? உங்கள மாதிரி அவங்கள என்னால பாக்க முடியுமாக்கா? உங்க கைதான் கை, நீங்க மனுஷியே இல்ல..."

எவ்வளவு சரளமாக வந்தது! கைகூடத் துப்பட்டாவைச் சரிசெய்ய ஆரம்பித்திருந்தது. டெல்பின் அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சேலைக்கரைக்குக் கீழே வெளிச்சம் ஒரு சாணாகியிருந்தது.

ஜெசிந்தா வாயை மூடினாள். தெய்வம் என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து முட்டியது. அதை மீன்முள் விழுங்குவதுபோலக் கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"எத்தனை மணிக்குக் கொண்டாருவீங்க?"

"ஆறுக்கு."

"டயபர் எந்த சைஸ்?"

"பெருசு. நான் கொண்டாந்துருதேன். கடிக்கும், கைய வாய்ப்பக்கம் கொண்டுபோவாத."

"ராத்திரி தங்கிட்டு வருவீங்களா?"

அப்படியொரு கேள்வியை யாரும் டெல்பின் அக்காவிடம் கேட்டதில்லை போலிருந்தது. "தங்கலாமா?" என்றாள். ஜெசிந்தா தலையாட்டினாள். கதவு நிலையிலிருந்து கை நழுவியது. ஒரு சாண் நாலு விரக்கடையாகி, நாலு ரெண்டாகி, முதலில் வலது குதிகாலும் பிறகு இடதும் சிமெண்டில் சப்பென்று பதிந்தன.

"ஐயே" என்றாள் அவள், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, "தரை என்ன இப்படிக் குளிருது."